தழும்பு விழுந்த இடத்தில்தான் வெட்டினேன்

வறண்ட ஓடை ஒன்றில் இறங்கி எதிர்க்கரையில் ஏற வேண்டும். முன்சக்கரங்கள் மேலே போய்விடும், பின்சக்கரங்கள் கரையைப் பிடிக்கத் தொடங்கும், சரியாக அந்த நேரத்தில் பின் பம்பர் ஓடையின் தரையில் குத்தி நின்றுவிடும். குத்தியதும் பின்சக்கரங்கள் சுமக்க வேண்டிய பாரத்தைப் பம்பர் வாங்கிக்கொள்ளும். சக்கரம் வெறுமனே சுற்றும், மண் பறக்கும், வண்டி அசையாது. என் 1983 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒரே கரையில் மூன்று முறை இப்படி மாட்டியது. மூன்றாவது முறை மண்வெட்டியோடு பம்பருக்கு அடியில் படுத்துக் கிடந்தபோதுதான் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் இந்த வாலை வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் வெட்டியது எட்டு மாதம் கழித்து. இந்த வேலை முழுவதிலும் நான் செய்த மிக நல்ல காரியம் அந்த எட்டு மாதம் காத்திருந்ததுதான். பழைய வண்டியைக் காட்டுப்பாதைக்காக வெட்டிக் குறைக்க நினைக்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இரும்பு அறுக்கும் கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் வண்டி எங்கெல்லாம் இடிக்கிறது என்பதை வண்டியே சொல்லட்டும்.

நான் செய்தது எளிமையானது. அடிப்பாகத்தைக் கழுவி, பம்பரின் கீழ்விளிம்பு, சேஸிஸின் வால், சரக்குத் தொட்டியின் பின்மூலைகள், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, மட்கார்டுகளின் உள்பக்கம் எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கீழே படுத்துப் பார்த்து, எங்கே பெயின்ட் உரிந்திருக்கிறது, எங்கே கல் கீறியிருக்கிறது, எங்கே டயர் உரசிக் கறுத்திருக்கிறது என்று படம் எடுத்து வைத்தேன். எட்டு மாதத்தில் தழும்புகளே வெட்டுவதற்கான வரைபடத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டன. அந்த வரைபடம் என் மனதில் இருந்ததைப் போல இல்லை. முன் பம்பரை முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதன் இரண்டு ஓரங்களில் மட்டும்தான் கீறல் இருந்தது, நடுப்பகுதியைக் கல் தொடவே இல்லை. தொட்டியின் பின்மூலைகள் நான் நினைத்ததைவிட மோசமாக நசுங்கியிருந்தன. வண்டி குறுகலான பாறைகளுக்கு நடுவே திரும்பும்போது வால் வெளிப்பக்கமாக வீசும், அதன் விளைவு இது. ஓட்டுகிற இருக்கையில் இருந்து இது தெரியவே தெரியாது.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைலக்ஸுக்கு நான்கு சக்கர இயக்கம் 1979-இல் வந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் முன்பக்கமும் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங். என்னுடையதில் 2.4 லிட்டர் 22ஆர் பெட்ரோல் இன்ஜின். இப்படிப்பட்ட பழைய வண்டியை வெட்ட முடிவதற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. ஏணி மாதிரியான சேஸிஸ் கீழே தனியாக இருக்கிறது. கேபினும் சரக்குத் தொட்டியும் அதன்மேல் போல்ட்டால் பூட்டப்பட்ட தனித்தனிப் பெட்டிகள். தொட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாலும் வண்டி ஓடும். உடலும் சேஸிஸும் ஒன்றாகப் பிணைந்த வண்டிகளில் இந்த வேலை வேறு மாதிரி. அதில் தகடே எலும்பு. நான் இங்கே சொல்வதை அப்படியே அந்த வண்டிகளில் செய்துவிட வேண்டாம்.

எவ்வளவு வெட்டுவது என்பதைக் கோணம்தான் தீர்மானிக்கிறது. பின்டயரின் பின்பக்கத்தைத் தொட்டபடி ஒரு நீளமான நேர்க்கம்பியைத் தரையிலிருந்து மேல்நோக்கிச் சாய்த்தால், அது பம்பரின் கீழ்விளிம்பை எந்தக் கோணத்தில் தொடுகிறதோ அதுதான் வண்டி வால் இடிக்காமல் இறங்கவோ ஏறவோ கூடிய சரிவு. கைப்பேசியைக் கம்பியின்மேல் வைத்தால் கோணம் தெரிந்துவிடும். என் வண்டியில் ஆக்சில் நடுவிலிருந்து பம்பர் வரை 110 சென்டிமீட்டர், பம்பரின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், டயரின் விட்டம் 33 அங்குலம். கோணம் 26 டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம். வாலை 35 சென்டிமீட்டர் குறைத்து, புதிய பம்பரை 10 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் அது 45 டிகிரியைத் தாண்டுகிறது. சஸ்பென்ஷனைத் தூக்காமலே இது கிடைக்கிறது. அதனால்தான் எனக்கு வெட்டுவதில் இவ்வளவு நம்பிக்கை. உயரமான ஸ்பிரிங் போட்டுத் தூக்கினாலும் கோணம் கூடும், ஆனால் வண்டியின் எடைமையமும் உயரத்துக்குப் போகும். பக்கச்சரிவில் அதன் விலையைக் கொடுக்க வேண்டி வரும்.

35 சென்டிமீட்டர் என்பது ஆசைப்பட்டு எடுத்த அளவு இல்லை. பின் லீஃப் ஸ்பிரிங்கின் கடைசி முனையை சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கில் இருக்கிறதே, அதன் பிடிமானத்துக்குப் பின்னால் மட்டும்தான் வெட்ட முடியும். வண்டியின் பின்பாரத்தில் பெரும்பங்கு அந்தப் பிடிமானத்தில் தொங்குகிறது. அதை ஒட்டி வெட்டக் கூடாது, ஒரு உள்ளங்கை அகலமாவது சேஸிஸ் மிச்சம் இருக்க வேண்டும்.

கேபின் கூரையையும் அறுத்துவிடலாமா என்று வெகுநாள் யோசித்தேன். கூரை இல்லாத வண்டியில் பாறைகளுக்கு நடுவே நின்று சக்கரத்தைப் பார்த்து ஓட்டலாம், மேலே இருக்கும் எடையும் குறையும். நண்பர் ஒருவர் அப்படி அறுத்திருந்தார். அறுத்த அன்றைக்கே ஒரு பக்கக் கதவு மூட மறுத்தது. கூரைதான் இரண்டு பக்கத் தூண்களையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அது போனதும் கதவு நிற்கும் இடைவெளி விரிந்துவிட்டது. ஒரு மாதத்தில் முன்கண்ணாடியிலும் மூலையிலிருந்து ஒரு விரிசல் ஓடியது. அறுக்கும் முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்திருந்தால் விரிவதையாவது தடுத்திருக்கலாம். என் வண்டியில் கூரையைத் தொடவில்லை. எட்டு மாதத் தழும்புப் படங்களில் கூரையில் இரண்டு கிளைக் கீறல்கள் மட்டுமே இருந்தன. இடிக்காத இடத்தை வெட்ட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கூரை இருக்கிறது என்பதற்காகப் பாதுகாப்புக் கூண்டு வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பிக்கப்பின் கூரைத் தகடு வண்டி உருண்டால் தாங்காது. இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வளையம், அதிலிருந்து முன்தூண்களை ஒட்டி இரண்டு கால்கள், நடுவே குறுக்குச் சாய்வு என்று கூண்டு வைத்தேன். 44 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் கனம் உள்ள எஃகுக் குழாய். தண்ணீர்க் குழாயில் கூண்டு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது தண்ணீரைக் கொண்டு போக உருவான குழாய், அடியைத் தாங்க உருவானது இல்லை. கூண்டின் கால்கள் கேபின் தரையில் நிற்கும் இடத்தில் 15 சென்டிமீட்டர் சதுரத் தடித் தகடுகளை மேலும் கீழும் வைத்து நடுவில் தரைத்தகட்டைக் கவ்விப் பிடித்து போல்ட் போட்டோம். தகடு இல்லாமல் குழாயை நேராகத் தரையில் நிறுத்தினால், வண்டி கவிழும்போது அது தரையைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். தலை தொடக்கூடிய இடங்களில் எல்லாம் கெட்டியான பஞ்சு உறை போடுங்கள். உறை இல்லாத கூண்டுக்குழாயில் தலை மோதினால் அதுவே பெரிய காயம்.

சரி, வெட்டும் கதைக்கு வருகிறேன்.

முதலில் எடை. வெட்டும் முன் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோய் முன் ஆக்சில் தனி, பின் ஆக்சில் தனி, மொத்தம் தனி என்று மூன்று எடை எடுத்தேன். இது எதற்கு என்று அப்போது பலர் கேட்டார்கள். வேலை முடிந்த பிறகு வண்டி ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று புரிந்துகொள்ள அந்த எண்கள் இல்லாமல் முடியாது. அப்புறம் துரு. சிறு சுத்தியலால் சேஸிஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் மட்டமாகச் சத்தமிடும். பின்சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடத்தின் உள்பக்கத்தில் பல வருடச் சேறு அடைந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு இடத்தில் திருப்புளி உள்ளே போய்விட்டது. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்தில் புதிய தகடு வைக்காமல் மேற்கொண்டு எதையும் தொடவில்லை. சேஸிஸே போய்விட்ட வண்டி என்றால் வெட்டும் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

எனக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இந்த வேலைக்குத் துணையாக வந்தார். நான் டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு தொட்டியின் விளிம்பிலிருந்து 35 சென்டிமீட்டர் அளந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, “தம்பி, தொட்டியை நம்பி சேஸிஸை அளக்காதே” என்றார். “தொட்டி எப்பவோ அடிபட்டது. சேஸிஸைச் சேஸிஸிலிருந்தே அள.”

கேட்டிருக்கலாம். சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அதே கோட்டை சேஸிஸுக்கும் இறக்கினேன். அவர் மறுபடி சொல்லவில்லை. மறுநாள் வெட்டி முடித்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது சேஸிஸின் இடது நீளக் கம்பி வலதைவிட 12 மில்லிமீட்டர் குட்டை. தொட்டி என்றோ வாங்கிய அடியில் கோணிப்போயிருந்தது, அந்தக் கோணலை நான் சேஸிஸில் பதித்துவிட்டேன். வலதுபக்கத்தை மறுபடி 12 மில்லிமீட்டர் வெட்டிச் சமப்படுத்தினோம். நல்லவேளையாக ஷேக்கில் பிடிமானத்துக்கு இடம் இருந்தது. அளக்க வேண்டிய முறை இதுதான்: வண்டியைச் சமதளத்தில் ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கின் முன்பிடிமான போல்ட்டிலிருந்து பின்னோக்கி அளக்க வேண்டும். பிறகு இடது முன்புள்ளியிலிருந்து வலது பின்புள்ளிக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் குறுக்காக நூல் பிடித்து, இரண்டு நீளமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். குறுக்களவு இரண்டும் ஒத்துப்போனால்தான் சதுரம்.

அண்ணன் சொன்ன இன்னொன்றை நல்லவேளையாகக் கேட்டேன். “முதல்ல கட்டு, அப்புறம் வெட்டு” என்றார். சேஸிஸின் கடைசிக் குறுக்குச்சட்டம்தான் இரண்டு நீளக் கம்பிகளையும் ஒரே தூரத்தில் பிடித்து வைத்திருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டால் கம்பிகள் உள்ளேயோ வெளியேயோ நகரும். அதனால் வெட்டுக்கோட்டுக்கு முன்பாகவே ஒரு கோண இரும்பைக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்துவிட்டு, அதன் பிறகுதான் வாலை எடுத்தோம். புதிய குறுக்குக்குழாய் நிரந்தரமாக நின்ற பிறகு அந்தக் கோண இரும்பை அறுத்தோம்.

வெட்டும் நாளில் முதலில் செய்ய வேண்டிய சில வேலைகள் பெரிய விபத்துகளைத் தடுக்கும். பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுத்தமான இரும்பில் பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் மின்சாரம் பேரிங்குகளின் வழியாகப் போய் அவற்றைக் கெடுக்கும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே எடுத்து வையுங்கள். டேங்க் காலிதானே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவி. பிரேக் குழாய்களும் பின்விளக்கு வயர்களும் சேஸிஸின் உள்பக்கமாக ஓடுகின்றன, அவற்றைக் கிளிப்பிலிருந்து எடுத்து முன்னால் சுருட்டிக் கட்டுங்கள்.

இவ்வளவும் செய்திருந்தும் எங்களுக்கு ஒரு பயம் வந்தது. வெட்டி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். இருபது நிமிடம் கழித்து சேஸிஸ் கம்பியின் உள்ளேயிருந்து மெல்லிய புகை. பெட்டி மாதிரி மூடிய அந்தப் பகுதிக்குள் பல வருடமாகச் சேர்ந்த கிரீஸும் காய்ந்த இலையும் அடிப்பூச்சுத் தாரும் கிடந்திருக்கின்றன. தீப்பொறி உள்ளே போய் மெதுவாகக் கனன்றுகொண்டிருந்தது. வாளித் தண்ணீர் பக்கத்தில் இருந்ததால் அதோடு முடிந்தது. அன்றிலிருந்து கடைசி வெட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் வண்டியை விட்டு நகருவதில்லை. வெட்டும் முன் சேஸிஸ் கம்பியின் உள்பக்கத்தை நீளமான கம்பியாலும் தண்ணீராலும் கழுவி எடுப்பதும் இப்போது என் பழக்கம்.

சேஸிஸின் வெட்டுமுனையில் குறுக்குக்குழாயை வைத்து, முனைகளை 6 மில்லிமீட்டர் தகட்டால் மூடினோம். கீழே தண்ணீர் வடிய ஒரு துளை. மூடிய பெட்டிக்குள் தண்ணீர் நின்றால் உள்ளிருந்தே துரு தின்னும். இந்தத் தகட்டோடுதான் இழுவைக் கொக்கிகளும் வருகின்றன. கொக்கியின் போல்ட்டுகள் தகட்டையும் சேஸிஸையும் ஊடுருவிப் பின்பக்கத்தில் இன்னொரு தகட்டில் முடிய வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் இழுவைப் பட்டையை மாட்டி, சிக்கிய வண்டியை இழுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த உருண்டை உடைந்தால் குண்டு மாதிரி பறந்து வரும், ஆட்கள் அதில் உயிர் இழந்திருக்கிறார்கள். வாலை வெட்டும் வேலையோடு நல்ல கொக்கி இரண்டையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

தொட்டியைக் குட்டையாக்குவது தகட்டு வேலை, பொறுமை கேட்கும். சக்கர வளைவுக்கும் பின்முனைக்கும் நடுவில் 35 சென்டிமீட்டர் துண்டை எடுத்துவிட்டு, பின்கதவு பொருந்தும் முனையை முன்னால் நகர்த்தி ஒட்டினால் கதவும் விளக்குப் பள்ளங்களும் அப்படியே கிடைக்கும். தொட்டியின் பக்கச்சுவர் இரட்டைத் தகடு என்பதை மறந்துவிடாதீர்கள். வெளித்தகட்டையும் உள்தகட்டையும் ஒரே கோட்டில் வெட்டாமல் உள்தகட்டை இரண்டு விரல் தள்ளி வெட்டினால் ஒட்டு ஒன்றின்மேல் ஒன்று விழாது, பலமாக நிற்கும். ஒரு மில்லிமீட்டர்கூட வராத தகடு அது, ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்டினால் அலை அலையாக நெளிந்துவிடும். ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு ஒரு முழம் தள்ளி, பிறகு நடுவில், கை வைத்தால் சுடாத வரை காத்திருந்து மறுபடி. இரண்டு பக்கச்சுவர்களுக்கும் தரைக்கும் சேர்த்து எனக்கு மூன்று நாள் ஆனது. இடதுபக்கத்தில் கடைசி நேரத்தில் அவசரப்பட்ட ஒரு சாண் நீளம் இன்றும் நெளிந்துதான் இருக்கிறது.

மட்கார்டுகளை வெட்டும் முன் வண்டியை முழுக்க முறுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு முன்சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி, எதிர்ப்பக்கப் பின்சக்கரத்தையும் உயர்த்தி, ஸ்டியரிங்கைக் கடைசி வரை இரண்டு பக்கமும் திருப்பி டயர் எங்கே தொடுகிறது என்று குறித்தேன். சமதளத்தில் நிற்கும் வண்டியைப் பார்த்து வெட்டினால் தேவையான இடம் தப்பிவிடும். என் வண்டியில் டயர் அதிகம் உரசியது மட்கார்டில் இல்லை, அதன் பின்னால் கேபின் தகடுகள் சேர்ந்து நிற்கும் மடிப்பு விளிம்பில். அதை வெட்டவில்லை, சுத்தியலால் மடக்கித் தட்டையாக்கினேன். அந்த விளிம்பு தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் இடம், வெட்டினால் கேபின் பிரியும்.

இங்கே இரண்டு தவறு செய்தேன். வெட்டின மட்கார்டின் உள்மூலையைக் கூர்மையாக விட்டுவிட்டேன். இரண்டாவது பயணத்திலேயே அந்த மூலையிலிருந்து மயிரிழை மாதிரி விரிசல் கிளம்பியது. விரிசலின் முனையைக் கண்டுபிடித்து அங்கே 6 மில்லிமீட்டர் துளை போட்டதும் அது அதற்குமேல் ஓடவில்லை. மூலையில் முதலில் துளை போட்டுவிட்டு அதில் போய் முடிகிற மாதிரி வெட்டியிருந்தால் விரிசலே வந்திருக்காது. இரண்டாவது, வெட்டின விளிம்பை மழுக்காமல் விட்டது. ஒரு பாறை ஏற்றத்தில் சக்கரம் மேலே எழும்பி அந்த விளிம்பைத் தொட்டபோது, டயரின் தோள்பகுதியில் கத்தி வைத்த மாதிரி ஒரு கீறல். நூல் தெரிந்தது. அந்த டயர் அதோடு போய்விட்டது. இப்போது எல்லா விளிம்புகளையும் மடித்து, நீளவாக்கில் பிளந்த ரப்பர் குழாயைச் சொருகி வைத்திருக்கிறேன். டயர் தகட்டைத் தொடும் முன்பே ஆக்சில் வந்து நிற்கும்படி தடுப்பு ரப்பரையும் கீழே இறக்கிவிட்டேன், உண்மையான தீர்வு அதுதான்.

வெட்டி முடித்து ஓட்டிய முதல் நாள் வண்டி எனக்குப் புதிதாக இருந்தது. பின்பக்கம் குதித்தது. வால் போனதால் பின்னால் எடை குறைந்துவிட்டது, ஸ்பிரிங்கோ பழைய சரக்கைத் தாங்க அமைத்த அதே கட்டு. ஸ்பிரிங் கட்டின் அடியில் இருந்த கனமான பட்டை ஒன்றை எடுத்த பிறகு சக்கரம் தரையோடு ஒட்டி நடந்தது. மறுபடி எடைமேடைக்குப் போனேன். வெட்டி எறிந்தது 140 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கூண்டும் கதவுக்கீழ்க் காப்புக்குழாயும் புதிய பம்பரும் சேர்ந்து திரும்ப ஏற்றியது ஏறக்குறைய 120 கிலோ. மொத்த எடையில் மாற்றம் பெரிதாக இல்லை, ஆனால் ஆக்சில்களுக்கு நடுவே பங்கீடு மாறிவிட்டது. முன்னால் பாரம் கூடியிருந்தது. செங்குத்தான இறக்கத்தில் பின்சக்கரங்கள் லேசாகிவிடுவதற்கு இதுதான் காரணம். தொட்டியின் கீழ் தொங்கிய உபரிச் சக்கரத்தை இப்போது தொட்டிக்குள், பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, படுக்கைவாட்டில் கட்டியிருக்கிறேன். கொஞ்சம் உயரம் கூடினாலும் பின்னால் பிடிப்பு வந்துவிட்டது.

பலர் கவனிக்காமல் விடுவது பிரேக். என் வண்டியில் பின் ஆக்சிலையும் சேஸிஸையும் இணைத்து ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது, அதன் மேல்முனையில் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு. சரக்கு ஏறினால் சேஸிஸ் இறங்கும், கம்பி வால்வைத் திருப்பும், பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். காலியாக இருந்தால் குறைவு. வாலை வெட்டி எடை குறைந்ததும் சேஸிஸ் முன்பைவிட உயர்ந்து நின்றது. வால்வு வண்டி காலியிலும் காலி என்று நினைத்து பின்பிரேக்கை ஏறத்தாழ நிறுத்திவிட்டது. ஒரு இறக்கத்தில் முன்சக்கரங்கள் மட்டும் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கியபோதுதான் இது தெரிந்தது. பட்டையை எடுத்து உயரம் குறைந்த பிறகு, ஆக்சில் பக்கத்துப் பிடிமானத்தை அளவெடுத்து உயர்த்தி, ஆளில்லாத சரளை மண்ணில் மெதுவான வேகத்தில் பலமுறை பிரேக் அடித்துச் சரிபார்த்தேன். முன்சக்கரம் பூட்டும் கணத்துக்குச் சற்றுப் பிறகு பின்சக்கரம் பூட்ட வேண்டும். பின்சக்கரம் முந்திக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும்.

இன்னொரு சின்ன விஷயம் ஒரு முழு நாளைத் தின்றது. இடது விளக்கைப் போட்டால் பிரேக் விளக்கு மங்கலாக எரிந்தது, பெட்ரோல் முள் ஆடியது. எல்லா வயரையும் தேடிவிட்டுக் கடைசியில்தான் புரிந்தது: பின்பக்க எர்த் வயர் பூட்டியிருந்த போல்ட் வெட்டி எறிந்த துண்டோடு போய்விட்டது. வெட்டும் முன் அந்தத் துண்டில் என்னவெல்லாம் பூட்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.

பதிவெண்ணோடு சாலையிலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் சேஸிஸைக் குறைப்பதும் கூண்டு வைப்பதும் உங்கள் ஊர்ச் சட்டத்தில் எப்படி என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சேஸிஸ் எண் பொறித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெட்டோ வெல்டிங்கோ கூடவே கூடாது. நான் என் வண்டியைப் பாதை தொடங்கும் இடம் வரை டிரெய்லரில்தான் கொண்டுபோகிறேன்.

வேலை முடிந்த பிறகு முதலில் போனது அந்த ஓடைக்குத்தான். குறைந்த கியரில், முதல் பல்லில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஏறவிட்டேன். முன்சக்கரங்கள் கரையேறின. பின்சக்கரங்கள் பள்ளத்தைத் தொட்டன, வண்டி பின்னால் சாய்ந்தது, பழக்கத்தில் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை. சக்கரங்கள் கரையைக் கவ்வி ஒரு மூச்சில் மேலே வந்துவிட்டன. மேலே நிறுத்திவிட்டு இறங்கி, அண்ணனும் நானும் கீழே படுத்துப் பார்த்தோம். புதிய பம்பரில் வெள்ளைப் பெயின்ட் அடித்தபடியே இருந்தது. ஷேக்கிலின் கீழ்முனையில் மட்டும் விரல் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து பளபளவென்று இரும்பு தெரிந்தது. இப்போது வாலில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். அங்கே வெட்ட எதுவும் இல்லை, கல்லின்மேல் வழுக்கிப் போகும்படி சாய்வாக ஒரு காப்புத்தகடு வைக்க வேண்டும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உரிந்த இடத்தில் மறுபடி வெள்ளை அடித்தேன்.